மன்றத்து சோலாருக்கு இன்னும் 5,65,000 ரூபாய் வேணும், ஆவணி முடியறதுக்குள்ள

அன்பான ஊர் சொந்தங்களுக்கும், திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், துபாய்னு வெளிய இருக்கிற நம்ம பிள்ளைகளுக்கும் ஊர் கமிட்டியோட வணக்கம். முருகன் புண்ணியத்துல எல்லாரும் சுகமா இருப்பீங்க.

நேரா விஷயத்துக்கு வந்துடறோம். ஊர் மன்றத்து கூரையில சோலார் போட்டு, காபிப் பழம் உரிக்கிற பல்ப்பர் மிஷின டீசல்ல இருந்து கரண்ட்டுக்கு மாத்தி, ஊருக்கு பொதுவா பாட்டரி மிஷினுகளும் ஒரு எலக்ட்ரிக் லோடு ஆட்டோவும் வாங்கறதுன்னு பொதுக்கூட்டத்துல எல்லாரும் கை தூக்கி முடிவு பண்ணது தான். மொத்த செலவு 17 லட்சம். கையில வந்திருக்கிறது 11,35,000. கம்பெனிக்காரங்க குடுத்த கொட்டேஷன் ஆவணி கடைசி வரைக்கும் தான் செல்லும், அதுக்கப்புறம் ரேட் மாறும்னு எழுத்துலயே குடுத்துட்டாங்க. அட்வான்ஸ் 2 லட்சம் கட்டியாச்சு. ஆவணிக்குள்ள மீதிய கட்டினா புரட்டாசியில வேலை முடிஞ்சிடும், ஐப்பசி மழை பிடிச்சிட்டா கூரை மேல ஒருத்தனும் ஏற முடியாது, அப்புறம் தை வரைக்கும் காத்திருக்கணும், அதுக்குள்ள இந்த வருஷ காபியும் போயிடும்.

ஏன் காபிய சொல்றோம்னா, நம்ம கொடைக்கானல் கீழ்மலையில பொறந்தவங்களுக்கு தெரியும், வெளியூர்ல வளர்ந்த பிள்ளைகளுக்காக சொல்றோம். அரபிகா பழம் சிவக்கிறது நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும், அதே நேரம் தான் வடகிழக்கு மழை, மரம் சாயுறது, லைன் அறுந்து கெடக்கிறது எல்லாம். காலையில எடுத்த பழத்த அன்னைக்கு ராத்திரிக்குள்ள உரிச்சாகணும், குமிச்சு வச்சா சூடாகி புளிச்சுடும். உரிச்சு கழுவி காயவச்சா பார்ச்மென்ட், உரிக்க முடியாம பழத்தோட காயவச்சா வெறும் செர்ரி, பட்டிவீரன்பட்டி வியாபாரிங்க ரெண்டுக்கும் என்ன வித்தியாசத்துல விலை போடறாங்கன்னு ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். 2018 நவம்பர்ல கஜா புயல் கொடைக்கானல் மலைய சாச்சுட்டு போனப்ப ஊரே இருட்டுல கெடந்துச்சு, டீசல் கொண்டு வர ரோடும் இல்ல, பழம் மூட்டைக்குள்ளயே புளிச்ச வாடை இன்னும் பல பேருக்கு மறந்திருக்காது. இப்ப இருக்கிற டீசல் இஞ்சின் வயசான இஞ்சின், லிட்டர் 90 ரூபாய தாண்டின டீசல குடிச்சுக்கிட்டு புகைய களத்து மேல துப்புது. காபிக்கு புகை வாடை ஏறினா எடுத்தவன் திரும்பி வாங்க மாட்டான்.

நம்ம பெரியவங்கள பத்தி இந்த இடத்துல ரெண்டு வார்த்தை சொல்லாம போக முடியாது. ரோடு இல்லாத காலத்துல மிளகையும் காபியையும் குதிரை மேல ஏத்தி ராத்திரியோட ராத்திரியா அடிவாரத்துக்கு இறக்கினவங்க அவங்க. பழனி பஞ்சாமிர்தத்துக்கு போற மலைவாழைய இந்த மலை பூரா வச்சு வளர்த்தவங்க, அப்புறம் முடிக்கொத்து நோய் வந்து வாழைத்தோட்டம் ஒவ்வொண்ணா அழிஞ்சப்ப மலைய விட்டு ஓடாம காபியும் மிளகும் வச்சு நின்னவங்க. காமராஜர் காலத்துல தமிழ்நாட்டுல நிறைய கிராமத்துக்கு கரண்ட் போச்சு, நம்ம மலைக்கு வர ரொம்ப வருஷம் ஆச்சு, வந்தப்பவும் லாரி ஏறாத இடத்துக்கு போஸ்ட் கம்பத்த யார் தூக்கினது? வீட்டுக்கு ஒரு ஆளுன்னு வந்து தோள்ல தூக்கினாங்க, கூலி வாங்கல. மொத லைட் எரிஞ்சது கோயில் வாசல்ல, அன்னைக்கு பொங்கல் வச்சாங்கன்னு இன்னைக்கும் சொல்ற தாத்தாமாருங்க நாலஞ்சு பேர் நம்மளோட இருக்காங்க. கம்பம் தூக்கின அந்த தோளுக்காரங்களோட பேரன் பேத்திங்க தான் நாம.

இப்ப கணக்கு. 10 கிலோவாட் பேனல், லைன், பாட்டரி ரெண்டோடயும் ஓடற ஹைபிரிட் இன்வெர்ட்டர், ஸ்டாண்டு, எர்த், இடிதாங்கி எல்லாம் சேர்த்து 6,80,000. 15 யூனிட் பிடிக்கிற லித்தியம் பாட்டரி 2,90,000. பல்ப்பருக்கு 3 ஹெச்பி மோட்டாரும், ஸ்டார்ட் ஆகும்போது கரண்ட்ட ஒரேயடியா இழுக்காம மெதுவா சுத்த வைக்கிற விஎஃப்டியும் 55,000. பாட்டரி புல்வெட்டி நாலு, மரம் அறுக்கிற மிஷின் ரெண்டு, ஸ்பேர் பாட்டரி, சார்ஜர் 1,60,000. லோடு ஆட்டோ 4,25,000. மன்றத்து கூரை ஒழுகறத சரி பண்ணி பேனல் தாங்குற மாதிரி செய்ய 90,000. சோலார் சாமானுக்கு 2025 செப்டம்பர்ல ஜிஎஸ்டிய 12 சதவீதத்துல இருந்து 5 ஆக்கிட்டாங்க, அது குறைஞ்ச பிறகு போட்ட கணக்கு தான் இது.

பாட்டரி எதுக்கு, 2,90,000 மிச்சம் பண்ணலாமேன்னு குரூப்ல திரும்பத் திரும்ப வருது. ஒரு தடவை பொறுமையா படிச்சிடுங்க. பாட்டரி இல்லாத சோலார், லைன்ல கரண்ட் போன அடுத்த நிமிஷம் தானும் நின்னுடும், வெயில் கொளுத்தினாலும் நின்னுடும். போஸ்ட் மேல ஏறி வேலை பாக்கிற லைன்மேன் மேல நம்ம கரண்ட் பாயக்கூடாதுன்னு அப்படி தான் செஞ்சிருக்காங்க, அது சரியான ஏற்பாடு. நமக்கு தேவையே கரண்ட் போற அன்னைக்கு தான், அதனால பாட்டரி கட்டாயம். 3 ஹெச்பி மோட்டார் மூணு மணி நேரம் ஓடினா ஏறக்குறைய 7 யூனிட், அது போக மன்றத்து லைட்டு, தண்ணி மோட்டார், ஊர்க்காரங்க செல்போன் சார்ஜ், நெபுலைசர் வச்சிருக்கிற வீட்டுக்காரங்களுக்கு ஒரு பிளக், இவ்வளவும் தாங்கும்.

மலையில வெயில் ஏது, மேகம் தானே இருக்குன்னு கேக்கறவங்களுக்கும் பதில் இருக்கு. வெள்ளைக்காரன் சூரியன ஆராய்ச்சி பண்ண இடம் தேடி 1899ல கொடைக்கானல்ல தான் வான ஆராய்ச்சிக்கூடத்த வச்சான், நூறு வருஷத்துக்கு மேல அங்க சூரியன படம் எடுத்துட்டு இருக்காங்க. வெயில் இல்லாத மலைக்கா அவ்வளவு பெரிய கண்ணாடிய தூக்கிட்டு வந்திருப்பான்? இன்னொன்னு, பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு கிடையாது. 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3ல இருந்து 0.4 சதவீதம் உற்பத்தி குறையும், திண்டுக்கல்ல மத்தியானம் பேனல் 60 டிகிரிக்கு மேல கொதிக்கும்போது நம்ம குளிர்ல அந்த நஷ்டம் ரொம்ப கம்மி. தமிழ்நாட்டுல பொதுவா கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட்னு கணக்கு, தை மாசி பங்குனியில நமக்கும் அது வரும். ஐப்பசி கார்த்திகை மூட்டத்துல கால்வாசி வந்தா பெரிசு, அத மறைக்கல, அதனால தான் 5 கிலோவாட் போதும்னு சொன்னவங்கள சமாதானப்படுத்தி 10 போடறோம். மூட்டத்துலயும் 10 யூனிட் வந்தா பல்ப்பர் ஓடிடும், லைன்ல கரண்ட் இருக்கிற நேரத்துல பாட்டரி அதுலயும் ஏறிக்கும்.

மிஷின் விஷயத்துல சின்னப் பசங்க தான் முன்னாடி நிக்கறாங்க, அவங்கள பாராட்டணும். பெட்ரோல் புல்வெட்டிய தோள்ல மாட்டி நாள் முழுக்க வேலை செஞ்சவங்களுக்கு ராத்திரி கை மரத்துப் போகும், 2டி ஆயில் கலந்த புகை நெஞ்சுல நிக்கும். அந்த சத்தத்துல காட்டுமாடு பின்னாடி வந்து நின்னாலும் தெரியாது, இந்த மலையில அது சாதாரண பயம் இல்ல. பாட்டரி மிஷின் சத்தம் கம்மி, ஸ்டார்ட் பண்ண கயிறு இழுக்க வேண்டாம், களைவெட்டுக்கு போற அக்காமாருங்களும் எடுத்து ஓட்டலாம். ஒரு பாட்டரி முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் தான் நிக்கும், அதுக்கு தான் ஸ்பேர். பெரிய சில்வர் ஓக் மரம் சாய்க்க அது பத்தாது, அதுக்கு பெட்ரோல் மிஷின் ஒண்ண வச்சுக்கறோம். நிழல் மரம் கவாத்துக்கும் மிளகுக்கொடி பக்கம் ஒதுக்கறதுக்கும் இதுவே தாராளம். அரை நாளைக்கு 150 ரூபாய் வாடகை, அந்த காசு அப்படியே பாட்டரி மாத்தற நிதிக்கு போகும், வேற எதுக்கும் எடுக்க மாட்டோம்.

லோடு ஆட்டோவ சும்மா புத்தகத்த பாத்து முடிவு பண்ணல, மூட்டை ஏத்தி நம்ம வளைவுகள்லயே ஏத்தி இறக்கிப் பாத்தோம். இறங்கும்போது பிரேக் பிடிக்கிற வேகத்துலயே பாட்டரி கொஞ்சம் திரும்ப ஏறுது, ஆனா மேல இருந்து ஃபுல் சார்ஜோட கிளம்பினா ஏற இடம் இருக்காது, அதனால 85, 90 சதவீதத்தோட நிறுத்திட்டு கிளம்பணும்னு டிரைவர் தம்பிக்கு சொல்லியாச்சு. பகல்ல மூட்டை, ராத்திரி யாருக்காவது முடியலன்னா ஆஸ்பத்திரி. பிரசவ வலியோட ஜீப்புக்கு காத்து நின்ன வீடுங்க நம்ம ஊர்லயே எத்தனை இருக்கு, அவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

குடுத்தவங்களுக்கு நன்றி சொல்ல வார்த்தை பத்தல. 140 வீட்டுல 96 வீடு தலைக்கட்டு வரி 5,000 முழுசா கட்டிட்டாங்க, அதுல வந்தது 4,80,000. வெளியூர் வெளிநாட்டு பிள்ளைங்க 3,90,000 அனுப்பினாங்க, சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில வேலை பாக்கிற நம்ம கீழத்தெரு தம்பி ஓவர்டைம் காச அப்படியே அனுப்பிட்டு பேர் போட வேண்டாம்னு சொல்லிட்டான், அந்த பிள்ளைய பெத்த வயிறு குளிரட்டும். கோயில் நிதியில இருந்து 1,50,000 குடுத்தாங்க, இனிமே தைப்பூசத்துக்கு ஜெனரேட்டர் வாடகை எடுக்க வேண்டாம்னு பூசாரி ஐயாவே முன்னாடி நின்னு பேசி வாங்கித் தந்தார். மகளிர் குழு 65,000, பலகாரம் செஞ்சு வித்து, லோன் வட்டி மிச்சத்த சேர்த்து, ஒவ்வொரு ரூபாய்க்கும் நோட்டுல கணக்கோட கொண்டாந்து வச்சாங்க. இளைஞர் மன்றம் கபடி போட்டியில மிஞ்சின 50,000. வயசான ஒரு அப்பத்தா, புருஷனும் இல்ல பிள்ளையும் பக்கத்துல இல்ல, முதியோர் பென்ஷன்ல சேத்து வச்சு தன் வீட்டு வரி 5,000 ரூபாய மடியில முடிஞ்சுட்டு வந்து குடுத்தாங்க. வேண்டாம் அப்பத்தான்னு எவ்வளவோ சொன்னோம், அன்னைக்கு கம்பம் தூக்கினது என் மாமனார்டா, என் வீட்டு பேர் விட்டுப் போகக் கூடாதுன்னாங்க. கமிட்டியில இருந்த அத்தனை பேரும் எந்திரிச்சு நின்னு தான் அத வாங்கினோம்.

மீதி 44 வீடு. யார் மனசையும் நோகடிக்க எழுதல. மகசூல் இல்லாதவங்க, ஆஸ்பத்திரி செலவுல இருக்கிறவங்க கமிட்டி கிட்ட தனியா வந்து சொல்லுங்க, ரெண்டு தவணையா கட்டலாம், முடியாதவங்களுக்கு வேலை நாளா கழிச்சுக்கலாம், கூரை வேலைக்கு ஆள் தேவை தான். ஆனா மூணு மாடி கட்டி ஹோம்ஸ்டே நடத்தறவங்க, புதுக்கார் வாங்கி கோயில் வாசல்ல எலுமிச்சம்பழம் வச்சு எடுத்தவங்க, ஊர் பொது காரியத்துக்கு பாக்கலாம் பாக்கலாம்னு சொல்றது நல்லா இருக்கா? மழைக்காலத்துல கரண்ட் போனா உங்க வீட்டு பழமும் இதே பல்ப்பருக்கு தானே வரப் போகுது. அந்த அப்பத்தா வரிசையில நிக்கும்போது அவங்க பக்கத்துல எந்த முகத்தோட நிக்கிறது, கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

44 வீடும் கட்டினா 2,20,000 வந்துடும். அதுக்கு மேலயும் 3,45,000 வேணும், அத வசதி உள்ளவங்களும் வெளிய இருக்கிற பிள்ளைகளும் தான் தூக்கணும். ஒரு பேனல் 15,000 ரூபாய்னு வச்சிருக்கோம், அப்பா அம்மா பேர்ல, தாத்தா பாட்டி நினைவா ஒண்ணு எடுத்துக்கலாம், பேர் மன்றத்து சுவத்துல கல்லுல வரும். வரிவிலக்கு ரசீது நம்மளால தர முடியாது, அத முன்னாடியே சொல்லிடறோம், கமிட்டி ரசீது மட்டும் தான்.

வீட்டுக்கு தனியா போடணும்னு கேக்கறவங்களுக்கு, 2024 பிப்ரவரியில வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்துல 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3ம் அதுக்கு மேலயும் 78,000 மானியம், போட்டு முடிச்ச பிறகு பேங்க் அக்கவுண்ட்டுக்கு வரும். அது குடியிருக்கிற வீட்டுக்கான மானியம், நம்ம மன்றத்துக்கு வராது, அதனால தான் உங்க கிட்ட வர்றோம். மீட்டர் யார் பேர்ல இருக்கோ அவங்க பேர்ல தான் எழுதிப் போடணும், தாத்தா பேர்லயே விட்டு வச்சிருக்கிறவங்க மொதல்ல பேர் மாத்துங்க. காலேஜ் படிச்ச பிள்ளைங்க ரெண்டு பேர் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மன்றத்துல உக்காந்து எழுதிக் குடுக்கறாங்க, கரண்ட் பில்லும் பேங்க் புத்தகமும் எடுத்துட்டு வாங்க. எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வச்சிருக்கிற பசங்க எர்த் இல்லாத பிளக்ல சார்ஜ் போடாதீங்க, மழைக்கு இது ஆபத்து.

பணம் மன்றத்துல பொருளாளர் கையில குடுத்து அப்பவே ரசீது வாங்கிக்கோங்க, ரசீது இல்லாம யார் கிட்டயும் குடுக்காதீங்க. வெளிய இருக்கிறவங்க கமிட்டி அக்கவுண்ட்டுக்கு அனுப்பிட்டு, எந்த வீட்டுப் பிள்ளைன்னு குரூப்ல ஒரு வரி போடுங்க. ஆவணி மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை காலையில கோயில் வாசல்ல பொதுக்கூட்டம், வரவு செலவு நோட்ட எல்லார் முன்னாடியும் வாசிப்போம், கட்டின வீடு கட்டாத வீடு ரெண்டையும் வாசிப்போம், அதுக்கப்புறம் ஆவணி முடியறதுக்குள்ள கம்பெனிக்கு பணம் கட்டியாகணும்.

இப்படிக்கு,
ஊர் கமிட்டி