தியேட்டர் வாசலில் முதல் சந்திப்பு

ஆசிரியருக்கு,

அகான்ட்ரோபிளாசியா (கை, கால் எலும்புகள் குட்டையாக வளரும் பிறவிக் குள்ளத்தன்மை) உள்ள என் தங்கைக்கு அண்மையில் சிசேரியன் நடந்தது. இடுப்பெலும்பு குறுகலாக இருப்பதால் இவர்களுக்குப் பெரும்பாலும் அதுதான் வழி. மயக்க மருந்து டாக்டர் அவளை முதன்முதலில் பார்த்ததே ஆபரேஷன் தியேட்டர் வாசலில்!

இவர்களுக்குத் தண்டுவடக் கால்வாய் குறுகல். முதுகில் போடும் ஊசிக்கு மருந்தளவைக் கணிப்பது சிரமம். முழு மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாய் போடும்போது கழுத்தை அதிகம் பின்னுக்குச் சாய்த்தால் தண்டுவடம் நசுங்கலாம். பிரஷர் பார்க்கும் பட்டைகூட அவள் கைக்குப் பொருந்தாமல், குழந்தைகள் வார்டுக்கு ஓடினார்கள். (நர்ஸ் அவளைப் ‘பாப்பா’ என்று கூப்பிட்டது தனிக்கதை. அவளுக்கு வயது 29.)

சரி, தாயும் சேயும் நலம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குள்ளத்தன்மையும் இருக்கிறது. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போதே இவர்களை மயக்க மருந்து டாக்டரிடம் அனுப்ப சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

– ஒரு வாசகி, திண்டுக்கல்