லோன் கேட்டா காணி உறுதி கேக்குறாங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,
இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துல 300 பிராய்லர் கோழி வளக்கிறோம், கோழிக் கம்பெனியே குஞ்சு, தீனி, மருந்து தந்து 40 நாள் போல ஆனதும் திருப்பி எடுத்துக்கும், 1000 வளத்தாதான் கையில நாலு காசு நிக்கும். கூட்டைப் பெருசாக்க பேங்க்ல லோன் கேட்டா காணி உறுதி, அதான் நிலப் பத்திரம், எங்கங்கிறாங்க. 1867ல தேயிலை வந்த காலத்துலருந்து தோட்டத்துக்குச் சொந்தமான லயத்துல (வரிசை வீட்டுல) இருக்கிற சனத்துக்கு உறுதி ஏது ஐயா? இந்தக் குளிருக்கு மொத ரெண்டு வாரம் ராத்திரி பூரா பல்ப் எரியணும், கரண்ட் போனா குஞ்செல்லாம் ஒரு மூலையில ஒண்ணுமேல ஒண்ணு ஏறி நசுங்கிரும், எங்கம்மா கூட்டைச் சுத்தி சாக்கைக் கட்டிட்டு விடியிறவரைக்கும் அங்கயே உக்காந்திருப்பாங்க. கம்பெனி அக்ரிமென்ட்டையும் போன பேட்ச் கணக்கையும் பாத்து லோன் குடுக்கலாமே, ஒவ்வொரு பேட்ச் காசுலயும் தவணையைக் கழிச்சுக்கட்டும்.

தோட்ட வாசகர்,
ஹட்டன்