இரண்டு அணிக்கும் ஒரே நீலச் சட்டையா?

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பழைய புகைப்படத்தைத் தவறாகப் புதுப்பித்தது தொடர்பாக

ஐயா,

வணக்கம். சென்ற மாதம் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணமேற்றித் தரச் சொல்லித் தங்களிடம் 3,400 ரூபாய் கட்டினேன். நேற்று பார்சலைப் பிரித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

1978-இல் எங்கள் கோவையில் நடந்த பெடரேஷன் கோப்பை கால்பந்து இறுதியாட்டத்தின்போது என் அண்ணன் இரவல் கேமராவில் எடுத்த படம் அது. கொல்கத்தாவின் பரம வைரிகளான மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் தேசியக் கோப்பைக்காக எங்கள் ஊர் மண்ணில் மோதினார்கள். முந்தைய ஆண்டு எர்ணாகுளத்தில், முதல் பெடரேஷன் கோப்பையை பெங்களூர் ஐ.டி.ஐ. (இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை) அணியிடம் பறிகொடுத்திருந்தது மோகன் பகான். இங்கே கோல் விழவில்லை. மறுபடி ஆடவைத்தார்கள், அதிலும் விழவில்லை. கோப்பையை இருவருக்கும் பொதுவாகக் கொடுத்தார்கள்.

கோலே இல்லாத ஆட்டத்தில் என் கண்ணில் தங்கியவை நிறங்கள்தாம். மோகன் பகானுக்குப் பச்சையும் அரக்கும், ஈஸ்ட் பெங்காலுக்குச் சிவப்பும் பொன்மஞ்சளும். பந்தைத் தலையால் முட்ட எழும்புகிறவர் யார், அவரை மறிப்பவர் யார், யாருக்கு எந்த நிறம் என்று ஒரு தாளில் எழுதிப் படத்தோடு பின் குத்தி அனுப்பினேன். அந்தத் தாள் மட்டும் பின்னோடு திரும்பி வந்திருக்கிறது. படத்திலோ இருவருக்கும் ஒரே நீலச் சட்டை! அந்த இரண்டு அணிகளையும் அறிந்த எவரிடமும் இதைக் காட்ட முடியாது.

நிறத்தைக்கூடத் திருத்திவிடலாம். இடது கீழ் மூலையில் வெளுப்பாக ஒன்று இருந்ததே, அதைக் கறையென்று நினைத்து அழித்து, அங்கே புல் வரைந்திருக்கிறார்கள். அது கறையல்ல ஐயா. துண்டு போட்ட என் அப்பாவின் தோள். மில்லில் இரவு ஷிப்ட் முடித்து, தூங்காமல் எங்களை ஆட்டத்துக்கு அழைத்துப் போனவர் அவர். அன்றைய நாளில் அவர் இருந்ததற்கு எங்களிடம் உள்ள ஒரே அடையாளம் அந்தத் துண்டுதான்.

அசல் படம் இன்னும் தங்களிடமே இருக்கிறது. அதை அட்டையில் ஒட்டாமல், ஓரம் வெட்டாமல் பத்திரமாகத் திருப்பி அனுப்புங்கள். நான் எழுதிய தாளை மறுபடி இணைத்திருக்கிறேன்; அதைப் படித்துவிட்டு, வேறு கட்டணமின்றி மீண்டும் வண்ணமேற்றுங்கள். அடுத்த மாதம் 12-ஆம் தேதி அண்ணனுக்கு எழுபது நிறைவு. அன்று அவர் கையில் இதைக் கொடுக்க வேண்டும். 5-ஆம் தேதிக்குள் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ரசீதின் நகலை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்