சாரஸும் சைபீரியக் கொக்கும்

அன்புள்ள முருகேசா,

நலம்தானே? இங்கே மன்னார்குடியில் எல்லோரும் சௌக்கியம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, சம்பா நடவு நடக்கிறது, ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு.

உத்தரப் பிரதேசத்து எட்டாவாவிலிருந்து நீ அனுப்பிய சாரஸ் கொக்குப் படங்களை வீட்டில் எல்லோரும் பார்த்தோம். கிட்டத்தட்ட ஆறடி உயரம், சாம்பல் உடம்பு, தலையும் மேல்கழுத்தும் செக்கச்செவேல் என்று ஜோடியாக நிற்கிறது, நாலு வரப்பு தள்ளி ஒரு அம்மா குனிந்து களை எடுக்கிறார், அது அசையக்கூட இல்லை. வயலுக்கு நடுவிலேயே கோரையையும் பயிரையும் பிடுங்கி மேடு போட்டு முட்டையிடுகிற பறவை அது. அந்த இடத்து நெல் போனால் போகட்டும் என்று விடுகிறார்களே, அந்த மனசால்தான் அது இன்னும் அங்கே இருக்கிறது.

அப்புறம் ராஜஸ்தானில் பரத்பூருக்குக் குளிர்காலத்தில் வந்துகொண்டிருந்த சைபீரியக் கொக்கு நினைவுக்கு வந்தது. இதுவும் அதே குடும்பம்தான், ஆனால் தூய வெள்ளை, முகம் மட்டும் சிவப்பு, சிறகை விரித்தால்தான் நுனிக் கறுப்பு தெரியும். 1960களில் 200 வரை வந்துகொண்டிருந்தது, கடைசி ஜோடியைப் பார்த்தது 2001-02 குளிர்காலத்தில். பரத்பூர் தேசியப் பூங்கா, 1985இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஆனது, காவலுக்குக் குறைவில்லை. இருந்தும் என்ன, சைபீரியாவிலிருந்து ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் தாண்டி வரவேண்டுமே, வழியிலேயே சுட்டுவிட்டார்கள். சாரஸ் அப்படி நாடு விட்டு நாடு போவதில்லை.

மிச்சமிருக்கும் சைபீரியக் கொக்குகள் அநேகமாக எல்லாமே குளிர்காலத்தில் சீனாவின் போயாங் ஏரியை நம்பித்தான் இருக்கின்றன. ஆழமில்லாத தண்ணீரில் சேற்றைக் கிளறிக் கிழங்கு தின்னும், தண்ணீர் ஏறிவிட்டால் எட்டாது. ஒரே ஏரி, அதில் ஒரு வருஷம் தவறினால் என்ன ஆகும் என்று மேட்டூர் நீர்மட்டத்தைத் தினமும் பார்க்கிற நமக்குச் சொல்லவேண்டியதில்லை.

ஆனாலும் எனக்குச் சாரஸ் பற்றித்தான் அதிகக் கவலை. சைபீரியக் கொக்கு அழிவின் விளிம்பில் நிற்பது உலகத்துக்கே தெரியும். சாரஸ் கண்ணெதிரே நிற்பதால் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். தாழ்வான குளத்தை மேடாக்கினால், வயல் மேல் மின்கம்பி போனால், பூச்சிமருந்து தோய்த்த விதையைத் தின்றால் அதுவும் போய்விடும். இங்கே உழவுக்குப் பின்னால் வரும் நத்தைகுத்தி நாரைக்கும் அதே வயல், அதே மருந்துதானே.

அந்த வயல்காரரிடம் பேசிப் பார், கூடு இருக்கும்போது மருந்து அடிப்பாரா என்று கேட்டு எழுது. பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் கோடியக்கரை போவோம், பூநாரை வந்திருக்கும்.

அன்புடன்,
ராஜு