முள்ளம்பன்றி மிச்சம் வைத்த பல்

சுங்கை சிப்புட்

அன்புள்ள மாரிமுத்து,

கடிதமும் படங்களும் கிடைத்தன. மருமகளுக்கு உடம்பு தேறிவிட்டது என்று படித்ததும் நிம்மதி. இங்கே ஓயாத மழை. ரப்பர் மரம் வெட்டப் போனாலும் மங்குக் கிண்ணத்தில் பாலைவிடத் தண்ணீர்தான் அதிகம்.

உன் பேரன் விஷயத்துக்கு வருகிறேன். குகைச் சுவரில் பாதி நீட்டிக்கொண்டிருக்கும் பல்லைப் பாராங் கத்தியால் கல்லோடு பெயர்த்து, கல் கரைய ஆசிட்டில் ஊறப்போடலாமா என்கிறான். இப்போதைக்குக் கை வைக்காமல் இருக்கச் சொல்.

முதலில் படத்தைப் பெரிதாக்கிப் பார். பல்லுக்கு வேர் இல்லை. ஒடிந்திருந்தால் முனை தாறுமாறாக இருக்கும். இதில் ஓரமெல்லாம் உளி வைத்துச் சீவியது போல் பக்கம் பக்கமாகப் பள்ளங்கள். முள்ளம்பன்றி வேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதற்கு முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும். அவற்றைத் தேய்க்கவும் சுண்ணாம்புச் சத்துக்கும் காய்ந்த எலும்பைக் குகைக்குள் இழுத்து வந்து கொறிக்கும். வேரைத் தின்றுவிடும், பல்லின் மேல் உறையான கடினமான எனாமலை விட்டுவிடும். நம் பக்கத்துக் குகைகளில் முழு எலும்புக்கூடு அபூர்வமாகி, பல் மட்டும் கிடைப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். பத்துமலையில் கிடைத்த ஒராங் ஊத்தான் பற்களைப் பற்றி 2013இல் கட்டுரை வந்தது. அதுவும் பற்களை வைத்துத்தான். பஹாங் டைனோசரை அடையாளம் காட்டியதும் 23 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரே பல்தான். ஆனால் அது குகை மண்ணில் கிடைத்ததல்ல, டைனோசர் காலத்துப் பாறையிலேயே இருந்தது.

ஆசிட் முறை இருப்பது உண்மைதான். தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுவார்களே, அந்த ஃபார்மிக் ஆசிட்டைக்கூட ஆய்வுக்கூடங்களில் பயன்படுத்துவதுண்டு. வழக்கமாக அசிட்டிக் ஆசிட், 5 முதல் 10 சதவீதம். அது சுண்ணாம்புக் கல்லைச் சீக்கிரம் கரைக்கும், எலும்பிலும் பல்லிலும் உள்ள பாஸ்பேட்டை மெதுவாகத்தான் அரிக்கும். மெதுவாக என்றாலும் அரிக்கும்! அதனால் கரைசலில் முன்கூட்டியே கால்சியம் பாஸ்பேட் கலந்துவைப்பார்கள். வெளியே தெரியும் பாகத்தில், அசிட்டோனில் கரைத்த பாராலாய்ட் பி-72 பிசினைப் பூசிக் காயவிடுவார்கள். ஒரு நாள் ஊறினால் இரண்டு மூன்று நாள் தண்ணீரில் கிடக்க வேண்டும். பிறகு காயவைத்து, புதிதாகத் தெரியும் பாகத்துக்குப் பிசின் பூசி, மறுபடியும் ஆசிட். ஒரு கல் கட்டிக்கே மாதக்கணக்கில் ஆகும். தண்ணீரில் அலசுவதில் அவசரப்பட்டால் உள்ளே தங்கிய கால்சியம் அசிட்டேட், காயும்போது வெள்ளை ஊசிகளாகப் படிந்து பல்லை உள்ளிருந்தே பிளந்துவிடும்.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் வேறு. பல்லின் வயதைச் சொல்லப்போவது அதைச் சுற்றியுள்ள கல். எலும்பிலுள்ள கார்பனை அளந்து வயது கணிக்கும் முறை சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் எட்டாது. அதற்குள் வந்தாலும், நம் ஊர்ச் சூட்டில் அதற்குத் தேவையான கொலாஜன் என்ற எலும்புப் புரதம் பெரும்பாலும் சிதைந்து போயிருக்கும். ஆகவே குகையில் சொட்டு நீர் படியவைத்த கால்சைட் என்ற சுண்ணாம்புப் படலத்தைத்தான் தேடுவார்கள். யுரேனியம் தண்ணீரில் கரைந்து வரும், தோரியம் கரையாது. படலத்தில் பிறகு சேரும் தோரியம், யுரேனியம் சிதைந்து உண்டானது. அதை அளந்தால் ஏறக்குறைய 5 லட்சம் ஆண்டுவரை கணக்கிடலாம். பல்லுக்கு மேலே ஒரு படலம், கீழே ஒன்று இருந்தால் வயது இரண்டுக்கும் நடுவில். அழுக்குப் படலம் ஆகாது. மண்ணோடு வந்த தோரியமும் கணக்கில் சேர்ந்து வயதைக் கூட்டிக் காட்டும். உன் பேரன் ஆசிட்டில் போட்டால் முதலில் கரைவது இந்தப் படலம்தான்.

இருக்கிற இடத்திலேயே அளவுகோல் வைத்துப் படம் எடுக்கட்டும்: தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று. தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரம், வாயிலிலிருந்து எத்தனை மீட்டர் என்று குறிக்கட்டும். கீழே தானாக விழுந்த துண்டுகள் இருந்தால் கழுவாமல், டிஷ்யூவில் சுற்றித் தனித்தனிப் பையில் போட்டு, பென்சிலில் எழுதிய சீட்டு வைக்கட்டும். ஈரத்தில் பேனா மை பரவிவிடும். பிறகு மாவட்ட அலுவலகத்தில் தகவல் சொல்லுங்கள்.

நீ அனுப்பிய படத்தில் பல்லுக்கு ஒரு சாண் மேலே வெள்ளையாக ஒரு கோடு தெரிகிறது. அது படலமா, வௌவால் எச்சமா என்று டார்ச் அடித்துப் பார்த்து எழுதச் சொல்.

அன்புடன்,
வேலு