துண்டுகளைப் பற்றி ஒரு வரியாவது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். எலக்ட்ரான் மோதினால் வாயு மூலக்கூறு நேர்மின் அயனியாகிவிடும் என்று உங்கள் அறிவியல் பக்கத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், பாம்பனில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித்தரும் எனக்கு அது போதவில்லை. மெதுவாக வரும் எலக்ட்ரானால் அது நடக்காது. நைட்ரஜனுக்கு 15.6 எலக்ட்ரான் வோல்ட்டாவது (எலக்ட்ரானின் ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும், மீத்தேனுக்கு 12.6 போதும். அதற்கு மேலும் ஆற்றல் இருந்தால்தான் அயனியான மூலக்கூறு துண்டுகளாக உடைகிறது. மீத்தேனிலிருந்து ஒரு ஹைட்ரஜன் கழன்று மீத்தைல் அயனி வர 14 எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்ட வேண்டும்.

அப்புறம், அந்தத் துண்டுகள்தான் அடையாளமே, அதைச் சொல்லவே இல்லை. நைட்ரஜனுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் நிறை 28தான், அயனிகளை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் சாதாரண நிறை நிறமாலைமானியில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். ஆனால் வழக்கமான 70 எலக்ட்ரான் வோல்ட்டில் மோதவிட்டால் நைட்ரஜனின் துண்டு 14இல் தெரியும், கார்பன் மோனாக்சைடோ கார்பன் துண்டால் 12லும் ஆக்சிஜன் துண்டால் 16லும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் பிள்ளைகள் துண்டு போட்ட கருவாட்டைப் பார்த்தே என்ன மீன் என்று சொல்லிவிடுவார்கள், அதை வைத்துத்தான் வகுப்பில் விளக்குகிறேன், சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

அடுத்த முறை இந்த இரண்டு வாயுக்களின் நிறமாலைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், வெட்டி வகுப்பறைச் சுவரில் ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர், பாம்பன்