இரண்டாவது பலகைக்கு முன்னால் வாங்க வேண்டியது

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. ஓய்வு பெற்ற பின்னரும் சும்மா இருக்காமல், சனிக்கிழமைகளில் உயர்தரப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்து, ஒரே சிப்புக்குள் அடங்கிய சிறு கணினியான மைக்ரோகொன்ட்ரோலரைப் படிப்பிக்கத் தொடங்கியிருக்கிறீர் என்று அறிந்து மனம் நிறைந்தது. இங்கே நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். எந்த மைக்ரோகொன்ட்ரோலர் பலகையில் தொடங்குவது, சிறு சிப்புகளுக்கான பைதான் மொழியாகிய மைக்ரோபைதானா சி மொழியா என்று நீர் கேட்டதற்கு உடனே பதில் எழுதாமல் சில நாட்கள் யோசித்தேன்.

முதற்பலகையாக ராஸ்பெரி பை பிக்கோவையே வாங்கும். 2021ஆம் ஆண்டு நான்கு டொலர் விலையில் வெளிவந்த அந்தச் சிறு பலகையில் 264 கிலோபைட் நினைவகம் இருக்கிறது. பலகையிலுள்ள பொத்தானை அழுத்திக்கொண்டே யூஎஸ்பி வயரைச் செருகினால், கணினியில் அது ஒரு பென் டிரைவைப் போலத் தோன்றும். அதற்குள் மைக்ரோபைதான் கோப்பை இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. பிறகு எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் உருவான தோனி என்ற இலவச மென்பொருளைத் திறந்து, ஒரு வரி எழுதி என்டரைத் தட்டிய கணமே விளக்கு எரிவதைப் பிள்ளைகள் காண்பார்கள். அந்த முதல் மகிழ்ச்சியை அவர்களுக்குத் தாமதிக்காமல் கொடுத்துவிட வேண்டும்.

நாம் படித்த காலம் உமக்கு நினைவிருக்கும். 8751 என்ற மைக்ரோகொன்ட்ரோலர் சிப்பின் முதுகிலிருந்த சிறு கண்ணாடிச் சாளரத்தைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்து, பழைய புரோகிராம் அழியும்வரை காத்திருந்து, அதன் பின்னரே திருத்திய ஒரு வரியைப் பதிவு செய்து பார்ப்போம். அதற்குப் பின் வந்த பிக் 16எஃப்84 என்ற சிப்பில் மின்சாரத்தாலேயே அழித்து எழுத முடிந்தது. ஆனால் மாறிகளுக்குக் கிடைத்த இடம் வெறும் 68 பைட்தான். 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் பிறந்த அர்டுயினோ பலகை, சிப்புக்குள் புரோகிராமை ஏற்றத் தனியான புரோகிராமர் கருவியே தேவையில்லை என்ற நிலையைக் கொண்டுவந்து, பொறியியல் படிக்காதவர்களுக்கும் இந்தக் கதவைத் திறந்துவிட்டது. அந்தப் பெரும் சேவையை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன். ஆயினும் புரோகிராமைச் சிப்புக்குள் ஏற்றும் வேகம் இத்தனை மடங்கு கூடிய பிறகும், ஏற்றிய புரோகிராம் உள்ளே என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் காணும் வழி பெரும்பாலான பிள்ளைகளின் கையில் இன்னும் இல்லை. என் கவலை முழுவதும் அதைப் பற்றியதுதான்.

அண்மையில் எங்கள் மாடிக் குடியிருப்பில் வசிக்கும் ஒரு மாணவன், புறக்கோட்டையில் வாங்கிய சிறிய ஓலெட் திரை ஒன்றையும் ஒரு அர்டுயினோவையும் கொண்டுவந்தான். திரை எழும்பவே இல்லை. வயரை மாற்றினான், திரையை இயக்கும் ஆயத்த புரோகிராமான லைப்ரரியை மாற்றினான், கடைசியில் திரையே பழுதென்று முடிவு செய்து இன்னொன்று வாங்கப் புறப்பட்டான். நான் அவனை மறித்து, வயர்களில் ஓடும் மின் துடிப்புகளைக் கணினியில் படமாகக் காட்ட உதவும், எட்டு வழிகள் கொண்ட மலிவான லொஜிக் அனலைசரை, பலகையும் திரையும் பேசிக்கொள்ளும் ஐ2சி இணைப்பின் இரண்டு வயர்களிலும் கொளுவி, சிக்ரொக் என்ற திறந்த மூலத் திட்டத்தின் பல்ஸ்வியூ மென்பொருளைத் திறந்து காட்டினேன். பலகை திரையை அழைக்கும் முகவரியின் ஏழு பிட்டுகளும் எழுதுவதற்கான எட்டாவது பிட்டும் ஒழுங்காகப் போயின. ஆனால் ஒன்பதாவது கடிகாரத் துடிப்பில் திரை தரவு வயரின் மின்னழுத்தத்தைக் கீழே இழுத்துப் பதில் சொல்லியிருக்க வேண்டும், அது மேலேயே நின்றது. அந்த முகவரியில் யாருமே இல்லை என்பது அப்போது தெளிவாயிற்று. திரையின் பின்பக்கத்தில் பதினாறை அடியாகக் கொண்ட பதினறும எண்ணில் 78 என்று அச்சிட்டிருந்தார்கள், அவனும் அதையே எழுதியிருந்தான். அந்த 78 எழுதும் பிட்டையும் சேர்த்துச் சொல்லும் எண். அர்டுயினோவின் லைப்ரரி கேட்பதோ அதை ஒரு பிட் வலப்பக்கம் நகர்த்தினால் வரும் 3சி. எண்ணை மாற்றியவுடன் திரை ஒளிர்ந்தது. அதைவிட, அந்த ஒன்பதாவது துடிப்பு இம்முறை கீழே இறங்கியதை அவன் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் எனக்குப் பெரும் நிறைவைத் தந்தது.

ஆகவே பிக்கோவுக்கு அடுத்ததாகக் கையில் சேரும் பணத்தை இன்னொரு பலகைக்குச் செலவழிக்க வேண்டாம். வினாடிக்கு 24 மில்லியன் தடவை அளவெடுக்கும் சாதாரண லொஜிக் அனலைசர் ஒன்றே போதும். 400 கிலோஹேர்ட்ஸில் ஓடும் ஐ2சிக்கு அது தாராளம்.

சி மொழியை இரண்டாம் கட்டமாக வைத்துக்கொள்ளும். மைக்ரோபைதான் நினைவகத்தைத் துப்புரவு செய்ய இடையிடையே நின்றுவிடுவதால், நேரம் பிசகக்கூடாத வேலைகளுக்கு அது முழுமையாகப் பொருந்தாது. பிள்ளைகள் அந்த எல்லையை முட்டும்போது சி மொழியின் தேவையைத் தாங்களே உணர்வார்கள். அப்போது அர்டுயினோ பலகைகளில் வரும் ஏடிமெகா328 சிப்பையும், சி மொழியை அதன் மொழிக்கு மாற்றும் ஏவிஆர்-ஜிசிசி கொம்பைலரையும் எடுத்து, அந்தக் கொம்பைலர் உருவாக்கும் அசெம்பிளிப் பட்டியலை, அதாவது சிப் ஒவ்வொன்றாகச் செய்யும் கட்டளைகளை, அவர்களுக்கு முன்னால் விரித்துக் காட்டும். அர்டுயினோவின் டிஜிட்டல்ரைட் கட்டளை சிப்பின் ஒரு காலின் (பின்) மின்னழுத்தத்தை உயர்த்துவதற்கு அட்டவணைகளைத் தேடி, டைமரைச் சோதித்துப் பல பத்துக் கடிகாரத் துடிப்புகளைச் செலவழிக்கிறது. அந்தக் கால்களைக் கட்டுப்படுத்தும் நினைவிடமான போர்ட் ரெஜிஸ்டரில் நேரடியாக எழுதினால் அதே வேலை இரண்டே துடிப்புகளில், அதாவது 16 மெகாஹேர்ட்ஸில் 125 நானோவினாடியில், முடிந்துவிடும். இரண்டையும் லொஜிக் அனலைசரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், பாடப்புத்தகத்தில் வெறும் பெயராக இருந்த ரெஜிஸ்டர் அவர்களுக்கு உயிருள்ள பொருளாகிவிடும். இந்தக் கருவிகள் எல்லாம் திறந்த மூல மென்பொருட்கள் என்பதால் உரிமத்துக்கு ஒரு சதமும் செலவில்லை.

இன்னொரு லொஜிக் அனலைசரை உமக்கென்று வாங்கி வைத்திருக்கிறேன். மருமகன் அடுத்த கிழமை புகையிரதத்தில் வவுனியா வரும்போது கொண்டுவந்து தருவார். பிள்ளைகளின் மடிக்கணினிகளில் இருப்பது விண்டோஸா லினக்ஸா என்று அதற்கு முன் எழுதும். விண்டோஸ் என்றால் சாடிக் என்ற மென்பொருளால் லொஜிக் அனலைசரின் டிரைவரை மாற்றிய பிறகே பல்ஸ்வியூ அந்தக் கருவியை இனங்காணும். தேவையான கோப்புகளைப் பென் டிரைவில் போட்டு அனுப்பிவிடுகிறேன்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லும்.

என்றும் அன்புடன்,
உமது பழைய நண்பன்